கத்திக்காரன் கல்லில் கட்டிய முடிச்சு

வீரையாவுக்கு ஸ்டியரிங்கைத் தவிர வேறொன்றும் தெரியாது. அப்பனும் ஆத்தாளும் சிலோனிலிருந்து கப்பலேறி வந்து பந்தலூர்த் தேயிலைத் தோட்டத்தில் இறங்கிய மறுவருசம், கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறியவன்தான். அப்புறம் ஜீப், வேன், இப்போது கூடலூர் முதலாளி ஒருவரின் டூரிஸ்ட் பஸ். பிள்ளை குட்டி கிடையாது. சாந்தாமணி ஒருத்திதான். கொழுந்து பறிக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். அவள் திட்டாத நாளில் அவனுக்குச் சோறு இறங்காது.

அவளுக்கு வயிற்றில் கட்டி. கோயமுத்தூர் டாக்டர், "ரத்தக் குழாயை ஒட்டி இருக்குது, பாதிக்குப் பாதிதான்" என்று மூஞ்சிக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஆபரேசனே வேண்டாமென்று ஒரு மாசம் அடம் பிடித்தாள். கடைசியில் கத்திக்காரன் கல்லுக்குப் போனாள்.

தோட்டத்து ஓரம் காட்டை ஒட்டி நிற்கிற பழங்காலத்துக் கல் அது. கையில் கத்தியோடு ஒரு ஆள், காலடியில் ஒரு புலி. தோட்டத்து சனங்களுக்கு அவன்தான் சாமி. பெரிய நோவு வந்தால், நோவு கண்டவரே சேலையிலோ வேட்டியிலோ கரை கிழித்து, ஒரு துண்டு மஞ்சளை முடிந்து, கத்திக்காரன் இடுப்பைச் சுற்றிக் கட்டணும். வேறு கை பட்டால் செல்லாது. உடம்பு தேறி வந்து கட்டினவரே அவிழ்க்கணும். சாந்தாமணி கல்யாணச் சேலையின் சிவப்புக் கரையைக் கிழித்துக் கட்டிவிட்டு வந்து, "இப்ப அறுக்கச் சொல்லுங்க" என்றாள்.

ஆபரேசன் அன்றைக்கு மத்தியானம். அவள் தம்பி தினகரன் ஆஸ்பத்திரியில் கூட இருந்தான். வீரையாவும் போயிருப்பான். அவள்தான் சவாரிக்கு விரட்டினாள். கோயமுத்தூர் காலேஜ் பிள்ளைகளுக்குப் பழைய இடமெல்லாம் காட்டுகிற சவாரி அது, கத்திக்காரன் கல்லும் அதில் உண்டு, சாயங்காலம் பஸ் கோயமுத்தூருக்குத்தான் திரும்புகிறது. "இங்க வந்து மூஞ்சியத் தொங்கப்போட்டு நிக்கிறதுக்கு, முடிச்சு இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. அதுக்கப்புறந்தான் நான் உள்ளாற போவேன்."

காலையில் முதலில் ஒரு இடிந்த லயம். தோட்டத்து ஆட்கள் பாடின பாட்டையெல்லாம் எழுதிவைத்த வாத்தியார் ஒருத்தர் அங்கேதான் குடியிருந்தாராம். உள்ளே நான்கு ஆடுகள் நின்றன.

"சார், இவங்கதான் வாத்தியாரோட மாணவர்களா?" என்றான் ஒருத்தன்.

"உன்னைவிட ஒழுங்கா கிளாசுக்கு வர்றாங்க பாரு," என்றார் தமிழ் வாத்தியார் தரணிதரன். பஸ்ஸே சிரித்தது. வீரையாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்லுக்குப் போகிற சந்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டான். அந்தச் சந்தில் பஸ்ஸைத் திருப்ப முடியாது, பேக்டரி வரைக்கும் போய்த்தான் வளைக்கணும். 'அதுல என் சம்சாரம் கட்டின முடிச்சு இருக்கு, தொட்டுறாதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. படித்த கூட்டம், சிரித்துவிட்டால்? விழுங்கிக்கொண்டான்.

திரும்பி நடந்து வந்தபோது கத்திக்காரன் குளித்துவிட்டு நின்றான். எத்தனையோ காலத்து எண்ணெய்ப் பிசுக்கைத் தேங்காய் நாரால் தேய்த்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே ஏதோ எழுத்து இருந்ததாம். தாள் ஒட்டி மை ஒத்தி அந்த எழுத்தைப் படியெடுக்கத் துணி மறைத்ததாம். சசிரேகா என்கிற பொண்ணு, ஒரு கையில் கத்தரிக்கோலும் மறு கையில் அந்தச் சிவப்புக் கரையுமாக நின்றாள்.

"அண்ணா, இத எங்கீங்க போடறது?"

வீரையா போட்ட சத்தத்தில் வாத்தியார் ஓடி வந்தார். திட்டும் அழுகையுமாக விசயம் வெளியே வந்தது.

"ஏனுங்க வீரையா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா? நாங்களே திரும்பக் கட்டிவிடறமுங்க."

"யார் கட்டுறது? நீ கட்டுவியா? அவ கட்டணும்யா!"

அப்போதுதான் போன் அடித்தது. சாந்தாமணி.

"என்னாங்க, ஆபரேசனுக்குக் கூப்பிடுறாங்க. முடிச்சப் பாத்தீங்களா?"

முடிச்சு இல்லையென்று சொன்னால் கட்டிலை விட்டு இறங்கி நடந்துவிடுவாள். வயிற்றில் கட்டியோடு ஒரு மாசமோ, ரெண்டு மாசமோ. இருக்கிறதென்றால் உள்ளே போவாள். பிள்ளைகள் மூச்சுவிடாமல் அவன் வாயையே பார்த்தார்கள்.

"இருக்கு. கெட்டியா இருக்கு. நீ போ."

"குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு?"

"ஏத்தம் ஏறி வந்தேன். மூச்சு வாங்குது. போடி."

"நேரத்துக்குத் தின்னுங்க," என்று வைத்துவிட்டாள்.

பைக்காரா ஏரியில் பிள்ளைகள் படகுக்குப் போனார்கள். சசிரேகா மட்டும் போகாமல் பஸ் படியில் உட்கார்ந்திருந்தாள். வீரையா பஸ்ஸுக்குப் பின்னால் நின்று பீடி பற்றவைத்தபோது தினகரன் கூப்பிட்டான். "மாமா..." என்றான். அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை. ரத்தம் நிற்கவில்லை, உயிர் போய்விட்டது என்று பக்கத்திலிருந்த யாரோ போனை வாங்கிச் சொன்னார்கள்.

பஸ்ஸைப் போட்டுவிட்டு எங்கே ஓடுவது? போகிற ஊரும் அதேதான். படகு திரும்புகிற வரைக்கும் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தான். அப்புறம் தலை எண்ணி ஏற்றிக்கொண்டு கிளம்பினான். யாருக்கும் சொல்லவில்லை.

குன்னூர் தாண்டி இறக்கத்தில் சசிரேகா முன்னால் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா... அக்காவுக்கு ஆபரேசன் முடிஞ்சுதுங்களா?"

டாக்டர் சொன்னது அவனுக்கு மறக்கவில்லை. பாதிக்குப் பாதி. கல்லுக்கும் ரத்தக் குழாய்க்கும் என்ன சம்பந்தமென்றும் தெரியும். பொய் சொன்னது தன் வாய்தான் என்றும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் சொன்னான்.

"செத்துட்டா. அதான் அறுத்துட்டியே பாப்பா."

பின்னால் பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்த பாட்டு நின்றது. அந்தப் பொண்ணு அழவில்லை. கம்பியை விடாமல் அப்படியே கீழே உட்கார்ந்தாள், படிக்கட்டுப் பக்கம். தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாத்தியார் வந்து தோளைத் தொட்டும் எழவில்லை.

இன்னொரு வார்த்தை சொல்லணும் என்று வீரையாவுக்கு இருந்தது. உன் குத்தமில்லை பாப்பா என்று. அதைச் சொன்னால் குத்தம் யாருடையது என்று அடுத்த கேள்வி வரும். எதிரே ஒரு லாரி ஏறி வந்தது. ஓரம் கட்டி வழி விட்டான். அது போன பிறகும் கொஞ்ச நேரம் பஸ் நகரவில்லை. அப்புறம் கியரைப் போட்டு, சாந்தாமணி படுத்திருக்கிற ஊரைப் பார்த்து இறக்கினான்.