ஐவரியா, க்ரீமா

அத்தை இறந்து இரண்டு மாதம் ஆனதும், அவர் இருந்த அறை இனி எனக்கு என்று அப்பா சொல்லிவிட்டார். ஒன்பது வயதில் தனி அறை! பள்ளியில் நன்றாகப் பீற்றிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் அந்த அறைக்குள் தனியாகப் போகப் பயம்.

காரணம், சுவரிலிருந்த எண்ணெய்க் கறை. அப்பாவின் அக்காவான அத்தை, கல்யாணமே வேண்டாமென்று மலைக்கு எதிரே இருந்த எங்கள் வேங்கிக்கால் வீட்டிலேயே இருந்தவர். தினமும் மதியம் தரையில் உட்கார்ந்து, அந்த இடத்தில்தான் தலையைச் சாய்த்து அம்மாவோடு கதை பேசுவார்.

அப்பா அந்தக் கறை மேலேயே மாதிரிக்கு இரண்டு பெயிண்ட் நிறங்களைப் பக்கம் பக்கமாகப் பூசினார். ஒன்று ஐவரி, இன்னொன்று க்ரீம். பாலுக்கும் பாலாடைக்கும் உள்ள வித்தியாசம்தான். "எது வேணும், சொல்லு" என்றார் அம்மாவிடம்.

"காலைல மலை மேல வெயில் ஏறட்டுங்க. பாத்து சொல்றேன்."

காலையில் கேட்டால், சாயங்கால வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்றார்.

அன்று பள்ளிவிட்டு வந்தபோது, க்ரீமில் தலை அளவுக்கு ஒரு கறை. பழைய எண்ணெய் ஊறி வந்திருக்கிறது, ஐவரியே அடித்துவிடலாம் என்றார் அப்பா. "இன்னும் ஒரே ஒரு நாளுங்க" என்றார் அம்மா.

மறுநாள் ஐவரியிலும் கறை. தொட்டேன். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. அலமாரியில் முன்பு நிறைந்திருந்த அத்தையின் கரிசலாங்கண்ணி எண்ணெய் பாட்டிலில் இப்போது பாதிதான் இருந்தது. அத்தைதான் வந்து, தனக்கு எந்த நிறம் தோது என்று மாறி மாறிச் சாய்ந்து பார்க்கிறார்! சத்தியமாக அப்படித்தான் நம்பினேன்.

ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அம்மாவின் கூந்தலில் அத்தையின் வாசனை அடித்தது. தேங்காயெண்ணெய் தவிர வேறெதையும் தொடாத அம்மா!

"ஐயோ, அம்மாவ அத்தை புடிச்சிக்கிச்சு!" என்று தெருவே கூடும்படி கத்தினேன்.

அம்மா திட்டவில்லை. நேரே போய்ச் சீயக்காய் தேய்த்துத் தலைக்குக் குளித்தார். ஈரத்தலையோடு வந்து அப்பாவிடம், "ஐவரியே அடிச்சிடுங்க. கொழந்த பயப்படுது" என்றார்.

அதற்குப் பிறகு கறை வரவே இல்லை. ஒரே கத்தலில் அத்தையை விரட்டிவிட்டேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தேன். நான் பள்ளியில் இருந்த நேரத்தில், பேச ஆளில்லாமல், அத்தையின் எண்ணெயைத் தடவிக்கொண்டு அங்கே சாய்ந்து உட்கார்ந்தது அம்மாதான் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா எந்தச் சுவரிலும் தலை சாய்த்து நான் பார்த்ததில்லை.