சாம்பல் நிற மோட்டார் சைக்கிள்

செம்பவாங்கில் என் பக்கத்து வீட்டுக்காரர் கப்பல் பட்டறையில் பெயிண்ட் அடிப்பவர். அவர் வீட்டுக் கதவு, வாளி, கோழிக்கூடு எல்லாமே கப்பலின் சாம்பல் நிறம்தான். வாசலில் நின்ற பழைய மோட்டார் சைக்கிளும் அப்படியே. காட்டுப் பாதையில் அதை ஓட்டிக்கொண்டு போனபோதுதான் அவர் மகன் விழுந்து இறந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வண்டியின் துருவைச் சுரண்டி, இரண்டு பூச்சு அடிப்பார். பெட்ரோல் டாங்கியில் விழுந்திருந்த ஒடுக்கை மட்டும் தட்டி எடுக்காமல், அதன் மேலேயே பூசுவார். காய்ந்துவிட்டதா என்று சுண்டுவிரலால் தொட்டுப் பார்ப்பார்.

"வேலை முடிஞ்சிருச்சு லா, அண்ணே. இனிமே நீங்களே ஓட்டலாமே?" என்றேன் ஒரு ஞாயிறு.

"எனக்கு ஓட்டத் தெரியாதுப்பா. பெயிண்ட் அடிக்கத்தான் தெரியும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பளபளத்துக்கொண்டிருந்த அந்தப் பெயிண்டையே உப்புத்தாளால் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அதே சாம்பல் நிறப் பெயிண்ட் டின் திறந்திருந்தது.