பனித்தரையில் அம்மா

அக்காவுக்கு ஒரு காதலன் இருக்கிறான் என்று நான் முடிவு செய்தது எனக்கு ஒன்பது வயதான குளிர்காலத்தில். அக்கா அப்போது ஃப்ரிபூர்க் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாள். திரும்பி வரும்போது அவள் தலைமயிர் ஈரமாக இருக்கும். நூலகத்தில் யாரும் குளிப்பதில்லை என்பது ஒன்பது வயதுக்காரிக்கும் தெரியும்.

நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவும் அதே முடிவுக்கு வந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியதால் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்தார். வேலையால் வந்ததும் அங்கே நடந்ததையெல்லாம் சமைத்துக்கொண்டே கதைப்பது அவர் வழக்கம். அந்தக் குளிர்காலத்தில் அந்தக் கதை நின்றுபோனது. அக்கா சாப்பிடும்போது எதிரே இருந்து அவளையே பார்ப்பார். அக்கா நிமிர்ந்தால் சோற்றுப் பானையைப் பார்ப்பார். ஒருநாள் நான் பல் தீட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, “அக்கா உன்னட்டை ஏதாவது சொல்லுறவளோ? ஆரையாவது பற்றி?” என்று கேட்டார். வாயில் நுரையோடு இல்லை என்று தலையாட்டினேன். நான் நினைத்தது சரி என்ற திருப்தி எனக்கு.

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அப்பா உணவகத்து வேலைக்குப் போய்விட்டார். அக்கா கதவைச் சாத்திவிட்டு இறங்கிய சத்தம் கேட்டதும், அம்மா என் ஜாக்கெட்டை எடுத்து நீட்டினார். “போடு. வெளியிலை போறம்.” எங்கே என்று கேட்டேன். “சத்தம் போடாமல் வா,” என்றார்.

அக்காவைப் பின்தொடர்ந்து போனோம். எனக்கு அது பெரிய கொண்டாட்டம். சரிவான அந்தத் தெருக்களில் பனி உறைந்து வழுக்கியது. அக்கா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நூலகத்துக்குத் திரும்பவேண்டிய சந்தியில் அவள் மறுபக்கம் திரும்பியபோது அம்மா என் கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் எனக்கு விரல் நொந்தது. காதலனைப் பார்க்கப்போகிற சந்தோஷத்தில் நான் அதைச் சொல்லவில்லை.

அக்கா போய் நுழைந்தது நகரத்து ஓரத்தில் இருந்த ஐஸ் அரங்குக்குள். வாசலில் ஆட்கள் கொடிகளோடு நின்றார்கள். அம்மா கொஞ்சநேரம் தயங்கினார். பிறகு பழுப்பு நிறக் குளிர் கோட்டின் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டு, கோயிலுக்குள் நுழைகிறவர் மாதிரித் தலையைக் குனிந்தபடி உள்ளே போனார்.

உள்நடையில் கழுத்தில் சால்வை சுற்றிய கிழவர் ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். விளையாட்டு ரசிகர்கள் என்று நினைத்துவிட்டார் போலும். சுவர் நீளத்துக்கும் படங்கள் தொங்கின. பல்கலைக்கழகப் பெண்கள் அணிகளுக்கிடையில் நடக்கும் ஐஸ் ஹொக்கிப் போட்டியில் வருடா வருடம் வென்றவர்களின் படங்கள். கிழவர் ஒவ்வொன்றாகக் காட்டி, அரசர்களின் பரம்பரையைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தார். இது லொசான் பெண்கள், தொடர்ந்து வென்றவர்கள், அவர்களை ஒருவராலும் அசைக்க முடியவில்லை. பிறகு பேர்ண் வந்து அவர்களைக் கவிழ்த்தது. பேர்ணை சூரிச் கவிழ்த்தது. எங்கள் ஊர் இந்தச் சுவரில் எங்கேயும் இல்லை. போன வருடம் கடைசி ஆட்டம்வரை வந்து சூரிச்சிடம் தோற்றார்கள். இன்றைக்கு மறுபடியும் சூரிச்சோடுதான் கடைசி ஆட்டம். இதைச் சொல்லிவிட்டுச் சுவரில் வெறுமையாக இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினார்.

அவருடைய பிரெஞ்சை நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா ஒரு சொல்லையும் கேட்டதாகத் தெரியவில்லை. படங்களில் இருந்த முகங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இதுகளிலை பெடியள் ஒருத்தரும் இல்லையோ?”

“இல்லை அம்மா. இது பெட்டையளின்ரை விளையாட்டு.”

அம்மாவின் முகம் முன்னைவிடக் குழம்பிப்போனது.

உள்ளே போய் இருந்தோம். ஆட்டம் தொடங்கியது. அம்மா ஐஸ் பக்கம் திரும்பவே இல்லை. பார்வையாளர் வரிசைகளை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தேடினார். அக்கா எந்த வரிசையில் இருக்கிறாள், பக்கத்தில் யார் என்று. நானும் முதலில் தேடினேன். பிறகு மறந்துபோனேன். எங்கள் ஊர் அணியின் கோல்காரி அப்படி விளையாடினாள். மெத்தைகளைக் கட்டிக்கொண்டு அலுமாரி மாதிரி நின்றவள், பந்துக்குப் பதிலாக அவர்கள் அடிக்கும் கறுப்பு ரப்பர் வட்டு எங்கிருந்து வந்தாலும் விழுந்து தடுத்தாள். நான் எழுந்து நின்று கத்தினேன். பின்வரிசையில் இருந்தவர்கள் எனக்கு மிட்டாய் தந்தார்கள்.

இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். கடைசி நேரம் நெருங்கியபோது சூரிச்காரி ஒருத்தி மிகக் கிட்ட நின்று அடித்தாள். வட்டு கோல்காரியின் கழுத்தடியில் பட்டது. அவள் முழங்காலில் விழுந்து, பக்கவாட்டில் சரிந்து, கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கிடந்தாள்.

அம்மா எழுந்து நின்றார். கோல்காரியின் முகமூடியை அப்போது யாரும் கழற்றியிருக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அதுதான் ஆச்சரியம். அந்த அலுமாரிக்குள் கிடந்தது யார் என்பது முகத்தைப் பார்க்காமலே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

அவர் படிகளில் இறங்கினார். நான் பின்னால் ஓடினேன். ஆட்டக்காரர் உட்காரும் வாங்குக்குப் பக்கத்தில் சிறிய கதவொன்று திறந்திருந்தது. அங்கே நின்ற இளைஞன் கையை நீட்டித் தடுத்தான். அம்மா அந்தக் கையைக் கதவுக் கொக்கியை விலக்குவது மாதிரி விலக்கிவிட்டு ஐஸில் கால் வைத்தார். இரண்டாவது அடியில் விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். அரங்கம் முழுக்க அடங்கிப்போனது. நெற்றியில் பொட்டும் பழுப்புக் கோட்டுமாக என் அம்மா, அத்தனை சனத்துக்கு முன்னால், கைகளை ஊன்றித் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தார்.

முகமூடியைக் கழற்றினார்கள். அக்கா.

அக்கா வலியில் கண்களை மூடியிருந்தாள். திறந்தபோது எதிரில் அம்மா. அந்த அடி விழுந்தபோதுகூட அவள் முகத்தில் அப்படி ஒரு பயம் இருந்திருக்காது. “அம்மா, நான் நூலகத்துக்குத்தான்...” என்று தொடங்கி, தன் உடுப்பைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

அம்மா அவளுடைய கையுறையைக் கழற்றினார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே தள்ளினார். மேற்கையின் உட்புறத்தில் பழைய காயமொன்று மஞ்சளும் கறுப்புமாகக் கன்றியிருந்தது. பக்கத்தில் கிடந்த வட்டைக் காட்டி அம்மா கேட்டார்.

“இது, இதாலை வந்ததோ?”

“ஓம்.”

“தொடையிலை இருக்கிறது? தோளிலை?”

“எல்லாம் இதாலைதான் அம்மா.”

“வேறை ஒருத்தரும் இல்லையோ?”

“வேறை ஆர்?” அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஒருத்தரும் இல்லை அம்மா.”

அம்மா ஐஸில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வாயைப் பொத்தியும் அடங்காத சிரிப்பு. கண்ணீர் வடிந்தது, சிரிப்பு நிற்கவில்லை. நடுவர் குனிந்து ஏதோ கேட்டார். சூரிச்காரி கையில் தடியோடு வாயைத் திறந்தபடி நின்றாள். நான் கதவடியில் நின்று அழுதேன்.

வைத்தியர் வந்து பார்த்துவிட்டு அக்கா விளையாடக்கூடாது என்றார். அக்கா வாதாடிப் பார்த்தாள், முடியவில்லை. அவளுக்குப் பதிலாக வந்தவள் நல்ல பிள்ளை, ஆனால் முதல் அடியையே விட்டுவிட்டாள். சூரிச் வென்றது. சால்வைக் கிழவர் வெளியே வந்து சுவரைப் பார்த்தபடி நின்றதைக் கண்டேன். அம்மா அவரைக் கடந்து போகும்போதும் சிரித்த முகமாகவே போனார். அவர் எங்களை மன்னித்திருக்க மாட்டார்.

வீட்டில் அப்பா குதித்தார். பொம்பிளைப் பிள்ளைக்கு இதென்ன விளையாட்டு, பொய் சொல்லிப்போட்டுப் போறதென்ன பழக்கம், சனம் என்ன சொல்லும் என்று எல்லாம் சொன்னார். அவர் முடிக்கும்வரை அம்மா மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். பிறகு, “அவள் விளையாடட்டும்,” என்றார். அப்பா திகைத்துப்போனார். அம்மா அவருடைய கோப்பையில் தேநீர் ஊற்றி, சீனி போட்டுக் கலக்கி, தானே கொண்டுபோய்க் கையில் கொடுத்தார். பல வாரங்களாக அவர் அப்படிச் செய்யவில்லை. அப்பாவோடு அவர் சரியாகக் கதைத்தும் அவ்வளவு காலம் இருக்கும். அதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

எனக்கு அக்காமேல் கோபம். காதலன் இல்லை என்று தெரிந்ததில் வந்த ஏமாற்றம் அதில் பாதி. அம்மா “வேறை ஒருத்தரும் இல்லையோ” என்று கேட்டது அவனைப் பற்றித்தான் என்று நான் நம்பினேன். எத்தனையோ வருடங்கள் அப்படியே நம்பினேன்.

எனக்கு மகள் பிறந்த பிறகுதான் அம்மா சொன்னார். பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அந்த மார்கழியில் அக்கா உடுப்பு மாற்றும்போது தற்செயலாக அவளுடைய உடம்பைக் கண்டிருக்கிறார். தொடையிலும் தோளிலும் கையிலும் கன்றிய காயங்கள். யாரோ தன் பிள்ளையை அடிக்கிறான் என்று விளங்கிக்கொண்டிருக்கிறார். அடிப்பதோடு விடாத ஒருவனாகவும் இருக்கலாம். கேட்டால் பிள்ளை ஒரு பெயரைச் சொல்லிவிடுவாள் என்ற பயத்தில் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்துபோகிற ஒவ்வொரு ஆணையும் மனதுக்குள் நிறுத்திப் பார்த்திருக்கிறார்.

“கொப்பரைக்கூட,” என்றார். என் அப்பாவைத்தான் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை அம்மா ஐஸ் அரங்கின் வரிசைகளில் தேடியது ஒரு காதலனை அல்ல. அது தெரியாத நான், விறைத்த கால்களோடு கதவடியில் நின்று, அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் யார் முகத்திலும் விழிக்க முடியாது என்று விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தேன்.