தாடிக்காரரின் மகள்

ஆறாம் வகுப்பில் எங்கள் மியூசிக் டீச்சருக்கு வரலாற்றை ஓபரா என்னும் இசை நாடகமாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசை வந்தது. அடிமை முறையை ஒழிக்கிறேன் என்று துப்பாக்கி தூக்கி, அரசாங்கத்தின் ஆயுதக் கிடங்கையே பிடிக்கப் போய், கடைசியில் தூக்கில் தொங்கிய ஒரு தாடிக்காரரின் கதை. அவர் வீரரா, கொலைகாரரா என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து கத்தும். டீச்சர் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். பாடிப் பார்த்துவிட்டு நீங்களே முடிவுசெய்து கட்டுரை எழுதுங்கள் என்று விட்டுவிட்டார்.

சிறையில் இருக்கும் தாடிக்காரரை நினைத்து அவர் மகள் பாடும் பாட்டு எனக்குக் கிடைத்தது. பிரிட்ஜ்வாட்டர் ஊருக்குக் குடிவந்து இரண்டு வருடமாகியும் மதியச் சாப்பாட்டில் என் பக்கத்து நாற்காலிகள் காலியாகவே இருந்தன. பாட்டு கிடைத்த மறுநாள் இரண்டு பெண்கள் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது.

அனுமதிக் கடிதத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். எந்தக் காகிதத்தையும் இரண்டு தடவை படித்த பிறகுதான் பேனாவை எடுப்பார். இந்த நாட்டிலேயே தங்க க்ரீன் கார்டுக்காகக் காத்திருந்த வருடங்கள் அவை. சாலைப் பலகையில் போட்ட வேகத்துக்கு ஐந்து மைல் குறைத்து ஓட்டி, பின்னால் ஹார்ன் அடிப்பவருக்குக் கை தூக்கி மன்னிப்புக் கேட்கும் மனிதர்.

"கவர்மென்ட்டை அட்டாக் பண்ணவனுக்கு இவ பாடணுமா? வீடியோ எடுத்து ஸ்கூல் வெப்சைட்ல வேற போடுவாங்களாம். நம்ம ஃபைலை எவன் பாக்குறான்னு யாருக்குத் தெரியும்?"

"ஆறாங்கிளாஸ் பொண்ணு பாடுறதைப் பாக்கத்தான் ஆள் வெச்சிருக்காங்களாக்கும்," என்றாள் அம்மா.

அம்மாவின் கிண்டல் எடுபடவில்லை. தனிப்பாட்டு வேண்டாம், கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கலாம் என்று அப்பா அழகான கையெழுத்தில் எழுதிக்கொடுத்தார். பாட்டு வேறொருத்திக்குப் போயிற்று. அந்த இரண்டு பெண்களும் அவள் மேசைக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் கூட்டத்துக்கு வேலை ஒன்றுதான். தாடிக்காரரைத் தூக்கில் போடும்போது ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சாம்பல் நிறச் சால்வையைப் போர்த்திக்கொண்டு மூன்றாவது வரிசையில் நின்றேன். மகளின் பாட்டை அவள் பாடியபோது ஒவ்வொரு வரியும் என் தொண்டை வரை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு அன்று வேலை. அப்பா மட்டும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் காரில் ஏறினோம். அவர் வண்டியைக் கிளப்பவில்லை. டிசம்பர் குளிரில் கண்ணாடிகள் எல்லாம் ஏற்கனவே ஏற்றித்தான் இருந்தன. ஆனாலும் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"இப்ப பாடும்மா. அந்தப் பொண்ணு பாடிச்சே, அது. எனக்கு மட்டும்."

"ஐ டோன்ட் வான்ட் டு," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சரி என்றார். வழக்கம்போல ஐந்து மைல் குறைத்தே வீடு வந்து சேர்ந்தோம்.

அந்த வாரம் டீச்சர் கேட்ட கட்டுரையில், தாடிக்காரர் வீரர்தான், என் அப்பாவைப் போலப் பயந்தவர் இல்லை என்று எழுதினேன். டீச்சர் அந்த வரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டு, பெற்றோர் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார். அப்பா அதையும் இரண்டு தடவை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

ஒரு கையெழுத்து வாங்கியாயிற்று என்று அதைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இந்த ஊரில் அவர் வாய்விட்டு ஒன்றைக் கேட்கத் துணிந்தது அந்தக் காருக்குள் மட்டும்தான் என்பதோ, அதற்கும் நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன் என்பதோ அன்று எனக்கு உறைக்கவில்லை.