"அவர் உள்ளே தூங்குறாரு"

குரோம்பேட்டையை விட்டு, கூடுவாஞ்சேரி தாண்டிய ஒரு கிராமத்தில் வீடு கட்டிக் குடிபோனோம். நான் வெளியே கிளம்பும்போதெல்லாம் எதிர் வீட்டுச் செல்வி, "இன்னாக்கா, எங்க கெளம்பிட்டீங்க? வூட்டுல ஆரு கீறாங்க?" என்று கேட்பாள். திருட நோட்டம் பார்க்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம். கணவர் வேலைக்குப் போயிருந்தாலும், "அவர் உள்ளே தூங்குறாரு" என்றே சொல்லிவந்தேன். எங்கள் வாசற்கதவு இழுத்தாலே பூட்டிக்கொள்ளும், வெளியே பூட்டுத் தொங்காது என்பதால் பொய் வெளிப்படவில்லை.

ஒருநாள் அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன். அன்றும் அதே கேள்வி, அதே பதில். திரும்பி வந்தபோது ஜன்னல் வழியே கரும்புகை வந்துகொண்டிருந்தது. பின்கதவை உடைத்து உள்ளே போயிருந்த செல்வி, மூச்சுத் திணறியபடி வெளியே வந்தாள். அடுப்பை அணைத்த பிறகும், புகைக்குள் என் கணவரைத் தேடியிருக்கிறாள்.

"யக்கா, ரூம் ரூமா தேடிட்டேன். அண்ணனைக் காணோமே!" என்று அழுதாள்.

"அவர் ஆபீஸ்ல இருக்காரும்மா" என்றேன்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லாத்தான் தூங்குறாருக்கா உங்க வூட்டுக்காரரு!"

இப்போதெல்லாம் அவள் கேட்கும் முன்பே போகுமிடத்தைச் சொல்லி, வீட்டுச் சாவியையும் அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.