பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த 'சூறாவளி'

சில வருடங்களுக்கு முன், அனிமே எனப்படும் ஜப்பானிய கார்ட்டூன் தொடர்களுக்கான இணையக் குழு ஒன்றில் 'சூறாவளி' என்ற பெயரில் ஒருவர் எழுதுவார். தமிழ்ப் பெண் என்பது மட்டும்தான் தெரியும். புனேயை அடுத்த ஆகுர்டியில் தமிழ் பேச ஆளில்லாமல் இருந்த எனக்கு, சமையலை முடித்துவிட்டு அவரோடு கதை பேசுவதுதான் தினமும் கொண்டாட்டம்.

ஒருநாள், "நானும் புனேலதான் இருக்கேன். வீட்டுக்காரருக்கு டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு. சாயங்கால ரயில்ல கிளம்பறோம். ஒரு தடவை பார்க்கலாமா?" என்று எழுதினார்.

புனே ஸ்டேஷனுக்கு ஓடினேன். அனிமே பைத்தியம் என்றால் கலர் முடி, கறுப்பு டீ-ஷர்ட், பை நிறைய பேட்ஜ் என்ற நினைப்பில் பிளாட்பாரம் முழுக்கத் தேடினேன். ரயிலே வந்துவிட்டது. அழுகை முட்ட, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அவர் அனுப்பியிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன்.

பக்கத்தில் காட்டன் புடவையும் நரைத்த கொண்டையுமாக இருந்த அம்மாளின் பையில் போன் அடித்தது!

"அட, நீதானாம்மா? நான் பச்சை முடிப் பொண்ணையில்ல தேடிட்டிருக்கேன்!"

சுடிதாரில் இருந்த என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

"விமலா, ஜல்தி வா, வண்டி கிளம்புது!" என்று அவர் கணவர் கத்தினார்.

நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டது அவ்வளவுதான். இன்றும் புதுத் தொடர் தொடங்கினால் அவர் நினைப்புதான் வருகிறது.

இப்போதெல்லாம் குழுவினரைச் சந்திக்கப் போனால், பக்கத்தில் இருப்பவரிடமே முதலில் பேச்சுக் கொடுக்கிறேன்.

- கலைச்செல்வி, புனே