இடம் மாறி நின்ற கடைசிக் கோடு

ரோட்டா வைரஸின் மரபுப்பொருள் பதினொரு துண்டு. மின்சாரம் பாய்ச்சினால் ஜெல் தகட்டில் பதினொரு கோடுகளாகப் பிரிந்து நிற்கும். வயிற்றோட்டம் வந்த குழந்தைகளின் மலத்திலிருந்து அதைப் பிரித்தெடுப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். "இதுக்கோடா உன்னைப் படிப்பிச்சது?" என்று அம்மா ஒருமுறை கேட்டார்.

கொட்டாஞ்சேனைக் குழந்தை ஒன்றின் மாதிரியில் கடைசிக் கோடு அடியில் இல்லை, மேலே ஏறி நின்றது. எங்கள் ஆய்வுகூடத்தில் யாரும் அப்படிக் கண்டதில்லை; வேறு வகை வைரஸாக இருக்கலாம். மாதிரியோ அந்த ஒரு தகட்டோடு தீர்ந்துபோயிற்று.

எங்கள் டொக்டர் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டு பிள்ளையின்ர சாம்பிளைக் கலந்திருப்பீர்."

"இல்லை சேர். கலந்தா கோடு கூடியிருக்கும். பதினொண்டுதான் இருக்கு."

"அப்ப அதே பிள்ளையிட்டத் திரும்ப எடுத்துக்கொண்டு வாரும். அதிலயும் இப்பிடி நிண்டா நம்புறன்."

வயிற்றோட்டம் நிற்பதற்குள் எடுக்க வேண்டும். அன்று மாலையே போய்த் தாயிடம் போத்தலைக் கொடுத்து, காலையில் வருவதாகச் சொல்லிவந்தேன். விடிந்தபோது, நான் தங்கியிருந்த வெள்ளவத்தையில் போர்க்காலத்து வழக்கமான பொலிஸ் சுற்றிவளைப்பு. நகரில் தங்குவதற்கான பொலிஸ் பதிவைக் காட்டியும் விடவில்லை, அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி இருந்த எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். என் ஐஸ் ஃபிளாஸ்க் எதற்கு என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார். குழந்தையின் மலம் கொண்டுவர என்றேன். அவர் மற்றவரைக் கூப்பிட்டு, இன்னொருமுறை சொல்லச் சொன்னார்.

"தம்பி, வேற பொய் ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்றார் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர்.

மறுநாள்தான் விட்டார்கள். நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தாய் போத்தலை வெளியே துடைத்து, பொலித்தீன் பையில் கட்டி வைத்திருந்தார்.

"நேத்தெல்லாம் பார்த்தன், நீங்க வரல்ல. நாறத் தொடங்கிட்டு. படிச்ச பிள்ளை கையால தூக்குறது, வருத்தம் தொத்திரும். அதான் ஊத்தைத் தண்ணி ஓடுற கானுக்குப் போடுற குளோரின் போட்டு வச்சன்."

குளோரின் பட்டால் வைரஸில் எதுவும் மிஞ்சாது.

"இண்டைக்குப் பிள்ளைக்குப் போச்சுதோ அக்கா?"

"இல்ல தம்பி. மாதா காப்பாத்திட்டா. நேத்துப் பின்னேரமே நிண்டிட்டு."

குழந்தை பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. நல்லது என்றேன். எரிச்சலில் அந்தச் சொல்லே சரியாக வரவில்லை.

ஒரு நப்பாசையில் அந்தப் போத்தலில் இருந்ததையும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தேன். தகடு மேலிருந்து கீழ்வரை வெறுமை.

"முதல் தகட்டுக்குக் கலப்பு எண்டு எழுதும்," என்றார் டொக்டர்.

"கலந்தா கோடு கூடும், சேர்."

"எனக்கும் தெரியும். ஒண்டே ஒண்டை வைச்சுக்கொண்டு ஆருக்குச் சொல்லுறது?"

எழுதினேன்.